வாரம் ஒரு நல்லது

பஸ் டிரைவர் பெற்ற பெண் வேனைக் கொண்டுபோய்க் கடைக்குள் விட்டால் ஊர் சிரிக்குமா சிரிக்காதா? சிரித்தது. டிப்போவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "என்ன டிரைவரே, பொண்ணுக்குப் பிரேக் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களா?" என்று கேண்டீனில் ஒருவன் கேட்டதற்கு, டிரைவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவருக்கு எங்கே வலித்தது தெரியுமா? இத்தனை வருட சர்வீசில் அவர் பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. பக்கத்து வண்டியைப் பார்த்து முறைத்தே ஒதுங்க வைத்துவிடுவார் என்று பெயர். அப்பேர்ப்பட்ட மனிதரின் மகள், பதினாறு வயசு, வீட்டில் இன்னும் 'பாப்பா'தான், ஒரு மத்தியானம் சிநேகிதியோடு சேர்ந்துகொண்டு, சாவியோடு தெருவில் நின்ற ரொட்டிக்கடை வேனை எடுத்துவிட்டாள். மூன்று தெரு ஓட்டினாள். நான்காவது தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முன்பக்கக் கண்ணாடி முழுவதும் நடைபாதையில் வந்து கொட்டியது.

ஒருவருக்கும் அடிபடவில்லை, அது பெற்றவர்கள் செய்த புண்ணியம். சிநேகிதி கதவைத் திறந்து ஒரே ஓட்டம். பாப்பா ஓடவில்லை. போலீஸ் வரும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஓடக்கூடத் தெரியல பாரு கழுதைக்கு!" என்று டிரைவர் வீட்டில் கத்தினார்.

"ஓடியிருந்தா மட்டும் மாலை போட்டிருப்பீங்களா?" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட் வேலை அவளுக்கு. நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் நிற்பவள் என்பதால் வீட்டிலும் குரல் சற்று ஓங்கித்தான் வரும்.

கேஸ் சிறார் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதி முடிவு சொல்வதற்கு முன்னால் வீட்டைப் பார்த்து, எல்லோரையும் விசாரித்து அறிக்கை கொடுக்க நன்னடத்தை அலுவலர் ஒருவர் வருவார் என்றார்கள். டிரைவர் மனக்கண்ணில் மீசையும் பூட்ஸும் தெரிந்தன. ஆனால் கதவைத் தட்டியது, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் உப்பிப்போன பையுமாக ஒரு குள்ளமான அம்மாள்.

"ஒண்ணும் வாங்கறதில்லம்மா" என்று டிரைவர் கதவைச் சாத்தப் போனார்.

"நானும் ஒண்ணும் விக்கறதில்ல சார். உங்க பொண்ணு விஷயமா வந்திருக்கேன்."

அன்று அந்த ஆபிசரம்மா வீட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டார். யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது எப்போது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்குப் புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாவோடு தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அம்மாவோடு தனியாகப் பேசினார். டிரைவர் முறை வந்தபோது, அவர் அணை உடைந்த மாதிரிக் கொட்டித் தீர்த்தார். சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்திருப்பாள், எதிர்த்துப் பேசுவாள், கதவைப் படார் என்று சாத்துவாள், இப்படி.

ஆபிசரம்மா பொறுமையாகக் கேட்டு முடித்தார். "சரி சார். அவ நல்லா செய்யற விஷயம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சத்தியமாக ஒன்றும் வரவில்லை. சமையலறையில் ஒரு தட்டு கீழே விழுந்தது. அது தானாக விழவில்லை என்பது அவருக்குத் தெரியும். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது, பாப்பா அதன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியாது.

நீதிமன்றம் என்றால் கூண்டும் சுத்தியலும் என்று நினைத்துப் போனார் டிரைவர். அங்கே பள்ளிக்கூட ஆசிரியர் அறை மாதிரி ஒரு அறை, நீள மேஜை, கிறீச்சிடும் மின்விசிறி. தரை துடைத்த மருந்து வாசனை. நீதிபதி மேஜைக்கு அந்தப் பக்கம் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையைப் படித்தார், பாப்பாவிடம் பேசினார், முடிவைச் சொன்னார். சிறார் இல்லத்துக்கு அனுப்பவில்லை. ஆறு மாதம் நன்னடத்தை மேற்பார்வை, வீட்டிலேயே இருக்கலாம். "ஆனா நிபந்தனையை மீறினா இல்லத்துக்கு அனுப்பற அதிகாரம் எனக்கு இருக்கு. ஞாபகம் வச்சுக்கணும்" என்றார்.

டிரைவர் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. அது அங்கேயே குடியேறியும் விட்டது.

வெளியே வராந்தாவில் ஆபிசரம்மா மூன்று பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து, சட்ட பாஷையை உடைத்துச் சொன்னார். பள்ளிக்கூடம் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. மாலை ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அந்தச் சிநேகிதியோடு பேச்சு வார்த்தை கூடாது. சனிக்கிழமைகளில் கண்ணாடிக் கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்து நஷ்டத்தை ஈடு கட்ட வேண்டும்.

"ஏழு மணிக்கு மேல எப்ப வேணா அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போன் பண்ணுவேன். அவங்க போன்ல நீ பேசணும். உன் போன்ல கூப்பிட்டா நீ எங்க இருந்து வேணா பேசலாம் பாரு" என்று பாப்பாவிடம் சிரித்தார். "இன்னொண்ணு. தப்பு நடக்கும். நடக்காதுன்னு நான் நினைக்கல. நடந்தா, நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீயா வந்து சொல்லு. நீயா சொன்னா உனக்காக நான் பேச முடியும். நானா கண்டுபிடிச்சா என் வாயக் கட்டிப் போட்ட மாதிரி."

பாப்பா தலையாட்டினாள்.

"உங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கு சார்" என்று டிரைவர் பக்கம் திரும்பினார். "வாரா வாரம் வீட்டுக்கு வருவேன். வரும்போது, அந்த வாரம் அவ செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லணும். போன வாரம் சொன்னதையே சொல்லக்கூடாது."

"இது கோர்ட் ஆர்டரா மேடம்?"

"இல்ல சார். என் ஆர்டர்."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று டிரைவருக்குப் புரியவில்லை.

முதல் வாரம் அவர், "நல்லா சாப்பிட்டா மேடம்" என்றார். "அது வயிறு செஞ்சது. அவ என்ன செஞ்சா?" என்று ஆபிசரம்மா நகரவே இல்லை. டிரைவர் ஒரு டீ ஆறும்வரை யோசித்துவிட்டு, "வியாழக்கிழமை கதவைப் படார்னு சாத்தல" என்றார். "பார்த்தீங்களா, இருக்கு!" என்று அந்த அம்மாள் பிள்ளை முதல் ரேங்க் வாங்கின மாதிரி மகிழ்ந்துபோனார். பிறகுதான் கிளம்பினார்.

அடுத்த வாரம் என்ன சொல்வது என்ற கவலை டிரைவருக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் இடதுகண்ணாடி வலதுகண்ணாடி பார்க்கிற பழக்கம் உள்ள ஆள்தானே, வீட்டிலும் மகளை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, இந்தப் பெண்ணை அவர் இத்தனை நாளாகத் திட்டியிருக்கிறாரே தவிரப் பார்த்ததே இல்லை என்று. அம்மாவின் ஷிஃப்ட் செருப்பை வாசலில் நேராகத் திருப்பி வைப்பாள், கிளம்புகிறவள் அப்படியே மாட்டிக்கொண்டு போக வசதியாக. பக்கத்து வீட்டுப் பயலுக்குக் கணக்குச் சொல்லித் தருவாள், அவன் மண்டையில் ஏறாவிட்டாலும் குட்ட மாட்டாள். அது அப்பனிடமிருந்து வந்த குணமில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் முதலில் துள்ளிக் குதித்தார். "என் கடைய உடைச்சவளையே கடைக்குள்ள விடணுமா? நல்ல கதையா இருக்கே!" ஆபிசரம்மா பாப்பாவை அவர் எதிரில் உட்கார வைத்தார். வேன் மோதிய மத்தியானம் கடைக்குள் தனியாக இருந்தபோது கண்ணாடி இடிந்து விழுந்த சத்தத்தில் தன் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது, மறுநாள் கடை திறக்கக் கை எப்படி நடுங்கியது என்று அவர் சொல்லச் சொல்ல, பாப்பா முகத்தைத் தூக்காமல் கேட்டாள். கடைசியில், "நான் உள்ள ஆள் இருப்பாங்கன்னே நினைக்கல சார். மன்னிச்சிடுங்க" என்றாள். மனுஷன் கொஞ்சநேரம் மேஜையைத் துடைத்தார். "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடணும்" என்றார்.

ஒரு சனிக்கிழமை டிரைவர் அந்தத் தெரு வழியாகப் பஸ் ஓட்டி வந்தபோது சிக்னல் விழுந்தது. புதுக் கண்ணாடி வழியாகக் கடைக்குள் தெரிந்தது. பாப்பா தரையில் மண்டியிட்டு ஒரு சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுதது. பாப்பா தன் மூக்கிலும் ஒரு பெரிய பிரேமை மாட்டிக்கொண்டு கண்ணை உருட்டினாள். பிள்ளை சிரித்துவிட்டது. பின்னால் ஹார்ன்கள் பிளிறின. பச்சை விழுந்ததை அந்த டிரைவர் கவனிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் ஆபிசரம்மா வந்ததும் உட்காரக்கூட விடாமல் அதைச் சொன்னார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதானே ஏதாவது வரும்? வந்தது. மறு விசாரணைக்கு இன்னும் சில வாரமே இருந்தது. மேற்பார்வையை முடிக்கலாமா என்று அன்றைக்கு நீதிபதி முடிவு செய்வார். அதற்கு முன்னால் ஒரு நாள், டிரைவருக்கு ஓய்வு, மனைவி ஷிஃப்டில். மணி ஏழு. பாப்பாவைக் காணோம். ஏழு தாண்டியது. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். போன் அடித்தது.

"ஆபிசர் பேசறேன் சார். பாப்பாகிட்ட குடுங்க."

டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. பஸ் லேட்டாக வந்தால் கன்ட்ரோலர் கேட்பார், டிரைவர் வாயில் பதில் தயாராக இருக்கும். சிக்னல், ஊர்வலம், டயர், ஏதோ ஒன்று. யோசித்துச் சொல்வதில்லை, பிரேக்கில் கால் போகிற மாதிரி அது பாட்டுக்கு வரும். அப்படித்தான் வந்தது.

"குளிச்சுட்டு இருக்கா மேடம்."

"சரி சார். நாளைக்குப் பேசறேன்."

ஏழரைக்குப் பாப்பா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எங்கேடி போனே என்று கேட்டதற்கு, பஸ் ஸ்டாப்பில் அந்தச் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்னை உள்ள தூக்கிப் போட்டா நான் என்னடி பண்ணுவேன்? போன் வந்துச்சு. குளிக்கிறான்னு சொல்லி வச்சிருக்கேன். யார் கேட்டாலும் குளிச்சேன்னு சொல்லு. புரியுதா?"

பாப்பா அவரையே பார்த்தாள். "பொய் சொன்னியாப்பா?"

"உனக்காகத்தான் சொன்னேன். வாய மூடிட்டுப் போய்க் குளி!"

அவள் போனாள். பாத்ரூம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கேட்டது கேட்டபடியே இருந்தது. "தண்ணி என்ன சும்மாவா வருது? நிறுத்துடி!" என்று இங்கிருந்தே கத்தினார். எல்லாம் சமாளித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்த வாரம் ஆபிசரம்மா வந்து, வழக்கம்போலக் கேட்டார். டிரைவர் முந்திக்கொண்டு, "தினமும் டயத்துக்கு வீட்டுக்கு வந்துட்டா மேடம். ஒரு நாள் தவறல" என்றார். ஒரு பொய்க்குக் காவல் இன்னொரு பொய். பாப்பா சடாரென்று எழுந்து உள்ளே போனாள். "அப்படியா சார்" என்றார் ஆபிசரம்மா. தண்ணீர் குடித்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்கடுத்த வாரங்களிலும் வந்தார். டிரைவர் ஏதேதோ நல்லது சொன்னார், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் பழைய மகிழ்ச்சி அந்த முகத்தில் இல்லை.

விசாரணை நாள் வந்தது. அதே அறை, அதே மின்விசிறி. ஆபிசரம்மா எழுந்து நின்று அறிக்கையைச் சொன்னார். பள்ளிக்கூடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கண்ணாடிக் கடைக்காரர், ஈடு கட்டி முடிந்த பிறகும் பெண் வர விரும்பினால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். டிரைவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு மீறல் இருக்கு ஐயா."

டிரைவர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார்.

"ஒரு நாள் ஏழரைக்குத்தான் வீட்டுக்குப் போனா. சேரக் கூடாதுன்னு சொன்ன அந்தப் பொண்ணோட பஸ் ஸ்டாப்ல பேசிட்டு நின்னுருக்கா. ரெண்டு நிபந்தனையும் ஒரே நாள்ல மீறியாச்சு."

"யார் பார்த்தாங்க?" என்றார் நீதிபதி.

"யாரும் பார்க்கல ஐயா. அவளேதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. அன்னைக்கே, வீட்டுக்குப் போன உடனே. பின்னால தண்ணி கொட்டற சத்தம் கேட்டுது. என்னம்மா சத்தம்னேன். பாத்ரூம்ல இருந்து பேசறேன் மேடம்னா."

டிரைவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

நீதிபதி பாப்பாவைப் பார்த்தார். "ஏம்மா நின்னே?"

"இனிமே பேச முடியாதுன்னு சொல்லத்தான் நின்னேன் ஐயா. அவ அழுதா. விட்டுட்டு வர முடியல."

"ஏன் சொன்னே? சொல்லாம இருந்திருக்கலாமே."

பாப்பா சுடிதார் நுனியைத் திருகினாள். "மேடம் வாரா வாரம் வருவாங்க. அவங்க மூஞ்சிய எப்படிப் பார்க்கறது?"

நீதிபதி எழுதியதை நிறுத்தினார். "அன்னைக்கு ஏழு மணிக்கு வீட்டுல யார் இருந்தது?"

டிரைவர் எழுந்தார். கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. வாயில் பதில் ஒன்று தயாராகவும் இருந்தது. நான் கொஞ்சம் கண்ணயர்ந்துட்டேன் ஐயா, அவ்வளவுதான், தீர்ந்தது. பாப்பா அவரைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். வேண்டாம்ப்பா, சொல்லாதே, மாட்டிக்கொள்ளாதே என்கிற அசைப்பு. அப்பனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் பிள்ளை! அதைப் பார்த்ததும் வாயில் தயாராக இருந்த பதிலை மனுஷன் விழுங்கிவிட்டார்.

"நான்தான் இருந்தேன் ஐயா. மேடம் போன் பண்ணாங்க. குளிக்கிறான்னு பொய் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்தப்பவும் பொய் சொன்னேன். தினமும் டயத்துக்கு வந்தான்னு. அவளை அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளாசினார். வேலியாக இருக்க வேண்டியவரே இப்படிச் செய்தால் இந்த ஏற்பாடு எப்படி நடக்கும், பொய் சொல்லிப் பழக்கி எதைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு நீதிபதி ஆபிசரம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் ஐயா. ஆனா பொண்ணு சொல்லல. தன்னைப் பத்தி எல்லாம் சொன்னா, அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் அவர்கிட்ட பேசின நேரத்தையும் அவ வீட்டுக்கு வந்த நேரத்தையும் வச்சு நானே புரிஞ்சுக்கிட்டேன். பொண்ணுக்குச் சொன்னதுதான் அப்பாவுக்கும். நான் கேக்கறதுக்கு முன்னாடி அவரா சொல்லணும்னு காத்திருந்தேன். இன்னைக்கு அவர் சொல்லலேன்னா, நான் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

"உங்க பரிந்துரை?"

"இல்லத்துக்கு வேணாம் ஐயா. மீறினது மீறினதுதான், அதனால மேற்பார்வைய இன்னும் ரெண்டு மாசம் நீட்டிக்கலாம். ஆனா தப்பு பண்ணிட்டு ஓடாத பிள்ளை இது. அன்னைக்கு வேன்ல இருந்தும் ஓடல. அதைத்தான் முதல் நாளே என் அறிக்கையில சொன்னேன்."

ஓடக்கூடத் தெரியல பாரு கழுதைக்கு என்று தான் கத்தியது டிரைவர் காதில் விழுந்தது. எல்லோரும் பார்த்த ஒன்றை, பெற்ற அவர் மட்டும் பார்க்கவில்லை.

நீதிபதி பரிந்துரையை ஏற்றுக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "தகப்பனாருக்கு ஏதாவது நிபந்தனை போடணுமா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு ஐயா. வாரம் ஒரு நல்லது சொல்லணும். இந்த வாரத்துது இன்னும் பாக்கி."

டிரைவர் உட்காரவில்லை. பாப்பா பக்கம் திரும்பினார். கோர்ட்டில் நிற்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"அப்பன் பொய் சொன்னான். அவ சொல்லல. அப்பனைக் காட்டியும் குடுக்கல" என்றார். "குளிக்கிறான்னு நினைச்சுத் தண்ணிய நிறுத்துன்னு கத்தினேன் மேடம்."

வேன் மோதியபோது அழாத பெண், போலீஸ் ஸ்டேஷனில் அழாத பெண், மேஜையில் தலை வைத்து விம்மி விம்மி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவினாள். நீதிபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபிசரம்மா குடையை எடுத்துக்கொண்டார். பழைய மகிழ்ச்சி முகத்தில் வந்துவிட்டிருந்தது, ஆனால் நிபந்தனை நிபந்தனைதானே.

"அது நடந்து சில வாரமாச்சே சார். நான் கேட்டது இந்த வாரத்துது."

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வாரம் நாலு இருக்கு மேடம். எதைச் சொல்லட்டும்?"